எப்போதும் இடது கால்

முதல் சுற்று போய்விடுகிறது. இரண்டாவது சுற்றுதான் மாட்டிக்கொள்கிறது. அதுவும் எப்போதும் இடது கால் கட்டைவிரலில். வலது காலை அந்தக் கயிறு ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டு கால்களும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, ஒன்றாகத்தான் எழும்புகின்றன, ஒன்றாகத்தான் இறங்குகின்றன. பிறகு கயிற்றுக்கு இடது காலின் மேல் மட்டும் என்ன கோபம்?

அவள் குனிந்து பார்த்தாள். நகத்துக்கு மேலே சாட்டை பட்டதுபோல ஒரு சிவப்புக் கோடு. நேற்றைய கோட்டின் மேலேயே இன்றைய கோடும் விழுந்திருந்தது. கயிற்றைப் பின்னால் போட்டுக்கொண்டு மறுபடி நின்றாள். சாதாரணக் குதி, இன்னொரு சாதாரணக் குதி, பிறகு ஒரு டபுள். விர்ரென்று ஒரு சத்தம். உடனே சுளீரென்று இன்னொன்று. இடது கால்.

டபுள் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கயிறு தாண்டுவது எல்லாருக்கும் தெரியும். ஒரு குதிக்கு ஒரு சுற்று. டபுளில் ஒரே குதிக்குக் கயிறு இரண்டு தடவை காலுக்கு அடியில் போய்வர வேண்டும். பார்க்கிறவர்கள், அப்படியானால் இரண்டு மடங்கு உயரம் குதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. குதி கொஞ்சம் கூடினால் போதும், வேகம் மணிக்கட்டில்தான் கூட வேண்டும். கால் மேலே போகும்போது முதல் சுற்று அடியில் போகிறது. அப்போது இடம் தாராளமாக இருக்கிறது. கால் கீழே இறங்கத் தொடங்கியபின் இரண்டாவது சுற்று வருகிறது. அப்போது பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு விரல் இடம்தான். குதிக்கிறவரிடம் என்ன குறை இருந்தாலும் அந்த ஒரு விரல் இடம் காட்டிக்கொடுத்துவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டிய ஆள் அதே அறையில், அவளுக்கு வலது பக்கம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கணவர். உடற்பயிற்சிக் கூடத்தில் கயிற்றுப் பயிற்சி கொடுத்தவர். கூடத்தில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். மழைக்காலத் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கையும் காலும் போனதைவிடப் பேச்சு போனதுதான் பெரிய அடி. மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கான சொல் மட்டும் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் வாயில் 'செருப்பு' என்று வரும். சொன்னபிறகு அது தப்பு என்றும் அவருக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

"சரியா வருதாங்க?" என்று கேட்டாள்.

அவர் இடது கையை உயர்த்தி அவளைக் காட்டினார். உதடுகள் எதையோ தேடின. "பூ... பூட்டு" என்றார்.

"கதவு பூட்டித்தான் இருக்கு."

"பூட்டு!"

போய் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் நாற்காலிக் கையை இடது கையால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

* * *

அவள் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவில் வேலை செய்பவள். உலர்ந்து வரும் விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து, கையை அகல விரித்து, ஓர் உதறு உதறி, மடித்து அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. கணவர் கயிற்றோடு கிளம்பும் நேரத்தில் அவளும் கிளம்புவாள். தெருமுனையில் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவருடைய வகுப்பை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "ஒரு தடவை வந்து பாரேன்" என்று முதலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அவளும் அதைக் கவனிக்கவில்லை.

அவள் கயிற்றைத் தொடுவதற்கு முன், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து அவருடைய துணிமணிகளை எடுத்துவரப் போன அன்றுதான், அங்கே மேலாளர் அவளை உட்காரச் சொன்னார்.

"மாஸ்டர் எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காரு."

"அவரோட காலை நேரக் குழுவை இத்தனை நாள் மாஸ்டர் இல்லாமலே ஓட்டிட்டோம். அவங்களே வந்து அவங்களே குதிச்சுட்டுப் போறாங்க. புது ஆள் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. இனிமே தள்ள முடியாதும்மா."

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் நாத்தனார் வாய் தவறி, "உன் இடத்துக்கு வேற ஆள் வராங்களாமே அண்ணா" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து, கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ வந்தாலும் அவர் காலை நீட்டவில்லை. கையிலே வைத்த ரப்பர் பந்தை அமுக்கவில்லை. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, போனது போனதுதான். பிசியோ அவளை வாசலுக்கு அழைத்து, "எழுந்து போறதுக்கு ஒரு இடம் வேணும் அவருக்கு. அது இல்லாம நான் என்ன பண்ணாலும் ஓட்டைப் பானைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நினைத்துக்கொண்டே, "நான் எடுக்கறேன்" என்றாள்.

"என்னத்த?"

"காலைக் குழுவை. அவரும் கூட வருவாரு. ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாரு. வகுப்பு அவர் வகுப்பாவே இருக்கட்டும்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கயிறு தாண்டுவீங்களா?"

"சின்ன வயசுல நல்லாத் தாண்டுவேன்."

"சின்ன வயசுல நான்கூடப் பறந்திருக்கேன்மா. மரத்துலருந்து." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை மடித்து வைத்தார். "அந்தக் குழுவுல எல்லாரும் டபுள் போடறாங்க. ரெண்டு பேர் கையைக் குறுக்கே மாத்தி கிராஸ்கூடப் போடறாங்க. முன்னாடி நிக்கறவங்களுக்கு டபுளாவது வரணும் இல்லையா? மாசக் கடைசி சனிக்கிழமை வாங்க. ஒரு விசில் அடிப்பேன். மறு விசில் வரைக்கும் கயிறு மாட்டாமப் போடுங்க. வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். மாட்டிச்சுன்னா என்னை மன்னிச்சிடணும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, கொடியில் தொங்கிய தன் பயிற்சிச் சட்டையைக் காட்டினார். அவள் எடுத்துப் போட்டுவிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பந்தை அன்று அவர் அமுக்கினார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதற்காக அவள் பறக்கவும் தயார்.

* * *

பறப்பது வேறு, டபுள் வேறு என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "ஏம்மா, மேல யானை ஏதாவது குடி வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் தரையில் பழைய விரிப்புகளைப் போட்டுக் குதித்தாள். விரிப்பு வழுக்கியது. எடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு தடவை கயிறு மாட்டும்போதும் அவர் பக்கம் திரும்புவாள். ஒவ்வொரு தடவையும் அவர் "பூட்டு" என்பார். அலமாரியைப் பூட்டினாள். சமையலறைக் கதவைப் பூட்டினாள். இரும்புப் பெட்டிக்குப் பூட்டு இல்லை; புதிதாக ஒன்று வாங்கிப் போட்டாள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் வந்தபோது இதைச் சொன்னாள்.

"திருட்டு பயமா இருக்கும் அண்ணி. உடம்பு முடியாதவங்களுக்கு வர்றதுதான்."

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு? வந்தவன் பாவம் பாத்து எதையாவது வெச்சுட்டுப் போவான்."

"அப்படின்னா உங்களைத்தான் பூட்டி வெக்கச் சொல்றாரோ என்னவோ. இந்த வயசுல குதிச்சுக்கிட்டு." நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அண்ணன் அவளை முறைத்த முறைப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னை எதுக்குண்ணா மொறைக்கற? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று எழுந்து போனாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேலை முடிந்து அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். காலைக் குழுவில் யாரையாவது பிடித்துக் கேட்டால் தெரியும் என்று எண்ணம். பின்முற்றத்தில் ஏணிமேல் நின்று ஒரு ஆள் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடத்து வயர்மேன். தொப்பையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் மிரட்டியதால் காலைக் குழுவில் சேர்ந்தவர். தொப்பை அப்படியே இருந்தது, டபுள் மட்டும் வந்துவிட்டது என்று அவரே எல்லாரிடமும் சொல்லுவார்.

"மாஸ்டர் வீட்டு அக்காவா? வாங்க வாங்க. மாஸ்டர் பேசறாரா?"

"ஒரே வார்த்தைதான் பேசறாரு. நான் குதிக்கும்போதெல்லாம் பூட்டு, பூட்டுங்கறாரு. வீட்டுல பூட்ட இனிமே எதுவும் பாக்கி இல்ல."

வயர்மேன் ஏணியிலிருந்து இறங்கிவந்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். "அக்கா, அவர் வகுப்பு முழுக்க அந்த ஒரு வார்த்தைதானே கத்துவாரு! முழங்கையைப் பூட்டு! பூட்டுடா! பூட்டும்மா! எங்களுக்கு அவர் வெச்ச பேரே பூட்டுக் கடை."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் அதைக் கதவுக்குச் சொன்னதாகக் கேட்டிருந்தாள். அவர் அதைக் கைக்குச் சொல்லியிருந்தார். நோய் வந்தபின் அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே, சரியான இடத்தில் சரியாக விழுந்த ஒரே சொல் அதுதான். அதைத்தான் அவள் கேட்கவே இல்லை. வகுப்புக்கு ஒரே ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் முதல் தடவையிலேயே புரிந்திருக்கும்.

வயர்மேன் தன் கயிற்றை எடுத்துக் காட்டினார். "முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி இருக்கணும். பூட்டின மாதிரி. அதுக்குக் கீழதான் வேலை, மணிக்கட்டு மட்டும்தான் சுத்தணும். நீங்க போடுங்க, பாப்போம்."

போட்டாள். முதல் டபுளிலேயே வயர்மேன் கையைத் தட்டி நிறுத்தினார். "கையைப் பாருங்க! ரெண்டாவது சுத்து வர்றப்ப ரெக்கை மாதிரி விரியுது!"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை அந்நியமாக இல்லை. வேகமாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த ஒரே வழி விரிப்பை உதறுவதுதான். இத்தனை வருடம் அதைத்தானே சொல்லிக்கொடுத்திருந்தாள். கை விரிந்தால் கயிற்றுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்க யாரும் தேவையில்லை. ஒரு விரிப்பின் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் நடுப்பகுதி தொங்கித் தரையைத் தொடும். கைகளை அகற்ற அகற்ற அது மேலே ஏறிவரும். விரிப்பின் நீளம் மாறவில்லை, அகலத்துக்குச் செலவாகிவிடுகிறது. கயிறும் அப்படியே. கை விரிந்தால் கயிறு குட்டையாகிவிடுகிறது. இருக்கிற ஒரு விரல் இடமும் போய்விடுகிறது.

முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். குதித்தாள். விர்ர், விர்ர். மறுபடியும். மறுபடியும். கயிறு எதையும் தொடவில்லை.

"அக்கா, போகுது! போகுது!" என்று வயர்மேன் ஏணியைத் தட்டினார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்று, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக் காட்டினாள். "இதுதானே? இதைத்தானே சொன்னீங்க?"

அவர் கண்கள் நிறைந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியது, அது சிரிப்பு. "ஆமா" என்றார். "ஆமா. ஆமா."

* * *

கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் அடுத்த நாள் விடியற்காலை, ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருக்க, முழங்கைகளைப் பழைய விரிப்புக் கிழிசலால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் குதித்தபோது, கயிறு மறுபடியும் மாட்டியது. முன்பளவு இல்லை. சில டபுள்கள் போயின. மாட்டியபோதெல்லாம் இடது கால்.

அவர் இந்தத் தடவை 'பூட்டு' என்று சொல்லவில்லை. குழப்பமாகப் பார்த்தார். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

அவள் யோசித்தாள். கூடத்து முற்றத்தில் போகிறது, வீட்டில் போகவில்லை. ஆள் ஒன்று, கயிறு ஒன்று, கை ஒன்று. மாறுவது தரை மட்டும்தான். முற்றத்தில் மழமழப்பான கல். வீட்டில் சொரசொரப்பான சிமெண்டு. கயிறு தரையில் இடறி எழும்புகிறதோ? கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு பழைய பலகையைக் கேட்டு வாங்கினாள். "யானைக்கு மேடையா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். பலகையின் மேல் நின்று குதித்தாள். இடது கால். பலகையைத் திருப்பிப் போட்டுக் குதித்தாள். இடது கால்தான்.

சரி, சனிக்கிழமை கூடத்தில்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். வேலை முடிந்து தினமும் முற்றத்துக்குப் போய் வயர்மேன் முன்னால் குதித்தாள். தினமும் போயிற்று. தினமும் வீட்டில் மாட்டியது. இதற்குமேல் யோசிக்க நேரமும் இல்லை, துணிவும் இல்லை.

சனிக்கிழமை அவரை ஒரு வாடகை வண்டியில் அழைத்துப்போனாள். வயர்மேனும் இன்னொருவரும் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். காலைக் குழு சுவரோரம் நின்றிருந்தது. அவரைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் காட்டினார்கள். அவர் தலையை ஆட்டினார். வலது பக்கம், கதவோரம், அவர் எப்போதும் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர் சட்டையின் பொத்தான்களை அன்று அவரே போட்டிருந்தார், ஒற்றைக் கையால். ஒரு பொத்தான் மாறியிருந்தது.

மேலாளர் விசில் அடித்தார்.

கூடம் முழுக்க வழுவழுப்பான மரத்தரை. முழங்கைகள் பூட்டியிருந்தன. முதல் டபுள் போயிற்று. அவர் பார்க்கிறாரா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது போயிற்று. அவர் முகத்தில் ஏதோ மலர்வதுபோல இருந்தது. அது என்னவென்று பார்த்தாள். சுளீர்.

இடது கால்.

"பரவால்லம்மா, இன்னொரு தடவை போடுங்க" என்றார் மேலாளர்.

மறுபடி விசில். மறுபடி இடது கால். மூன்றாவது தடவை அவளே கேட்டாள். விசில் ஊதும்போது மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் மாட்டியது.

"முற்றத்துல போடறாங்க சார், நான் பாத்தேன்" என்றார் வயர்மேன், யாரிடமும் இல்லாமல்.

"நம்பறேன்பா." மேலாளர் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "புது ஆள் திங்கள்கிழமை வர்றாரும்மா. மாஸ்டர் எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

அதன்பிறகு அவர் நாற்காலிக்கு வரவில்லை. கட்டில் சுவரோரம் கிடந்தது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். பிசியோ வந்து, காலைத் தூக்கிப் பார்த்து, அப்படியே வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பிவந்தது. அவள் பேசினாள். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, தப்பான சொல்லைக்கூட. 'செருப்பு' என்று கேட்டாலும் போதும் என்று இருந்தது அவளுக்கு.

நாத்தனார் ஒருநாள் மதியம் வந்து, அண்ணன் முதுகைப் பார்த்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். "தப்பு என்னுதுதான் அண்ணி. அன்னிக்கு நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாது."

"உன் வாய் இல்லன்னா வேற வாய். விடு."

"நீங்க விட்டுட்டீங்களா?"

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாத்தனார் போனபிறகு வீடு ஊமையாகக் கிடந்தது. விடுமுறை நாள்; மடிக்கவும் ஒன்றுமில்லை. அவளுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிப்பதற்கு ஆள் இல்லாததால் கயிற்றை எடுத்தாள். வகுப்பும் இல்லை, விசிலும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலி காலியாக இருந்தது. கட்டில் அவளுக்கு முதுகுப்பக்கம். எதிர்ச்சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடம். அதை முறைத்துக்கொண்டு குதித்தாள்.

விர்ர், விர்ர். விர்ர், விர்ர். கோபம் தீரவேண்டும் என்று குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்தால் வரட்டும் என்று குதித்தாள். கடைசியில் மூச்சு வாங்கித்தான் நிறுத்தினாள். நிறுத்தியபிறகுதான் உறைத்தது: நிறுத்தியது கயிறு இல்லை, மூச்சு.

அவள் காலைப் பார்த்தாள். கட்டைவிரலில் பழைய கோடு மங்கிக் கிடந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. அதே அறை. அதே சொரசொரத் தரை. பலகைகூட இல்லை.

அப்படியானால் தரை இல்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். முற்றத்தில் போயிற்று, வீட்டில் மாட்டியது. வீட்டில் மாட்டியது, கூடத்தில் மாட்டியது. வீட்டில் மாட்டியது, இன்று வீட்டில் போகிறது. முற்றத்திலும் இன்றும் என்ன ஒன்று? வீட்டிலும் அந்தச் சனிக்கிழமையும் என்ன ஒன்று? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதும் பதில் பக்கத்திலேயே படுத்திருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு.

எழுந்து அலமாரிக் கண்ணாடிமுன் நின்றாள். கயிற்றைப் பிடித்து, முழங்கைகளைப் பூட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தாள். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. பிறகு வீட்டிலும் கூடத்திலும் அவர் இருந்த பக்கம், வலது பக்கம், ஒரு பார்வை பார்த்தாள்; அப்படியே அசையாமல், கடைக்கண்ணால் கண்ணாடிக்குத் திரும்பினாள். தலை திரும்பிய பக்கம் வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இடது தோள் கொஞ்சம் எழும்பியிருந்தது. பூட்டிய முழங்கை பூட்டியபடியே, அதோடு கூடவே இடது கையும் எழும்பியிருந்தது. அதிகமில்லை. ஒரு விரல்.

சுற்றுகிற கயிறு இரண்டு கைகளுக்கும் நடுவே ஓர் அச்சில் சுற்றுகிறது. ஒரு கை உயர்ந்தால் அச்சு சாய்கிறது. அச்சு சாய்ந்தால் உயர்ந்த கைப்பக்கம் கயிறும் உயர்ந்து போகிறது. சாதாரணக் குதியில் அது தெரியாது, இடம் தாராளம். டபுளின் இரண்டாவது சுற்றில் இருப்பதே ஒரு விரல் இடம். அந்த ஒரு விரலைத்தான் இடது கை தின்றுவிடுகிறது. மாட்டிய ஒவ்வொரு டபுளிலும், முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவே, அவள் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். சரியா வருதாங்க என்று வாயால் கேட்டது ஒரு தடவைதான். கண்ணால் ஒவ்வொரு குதிக்கும் கேட்டிருக்கிறாள்.

கயிறு அவளைத் தடுக்கவில்லை. அவரைப் பார்க்கப் போன பார்வைதான் தடுத்தது. பார்க்காமல் குதித்தால் போகும். அது இப்போது தெரிகிறது. ஆனால் பார்க்காமல் குதிப்பதற்கு அவள் எதற்குக் கயிற்றைத் தொட்டாள்?

வகுப்பு போனது போனதுதான். புது ஆள் திங்கள்கிழமையே வந்துவிட்டார். நல்ல பையன் என்று வயர்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். இரும்புக் கட்டில், அவரோடு சேர்த்துக் கனத்தது. கீழே யாரோ கூரையைத் தட்டினார்கள். தலைப்பக்கம் போய் அங்கேயும் இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் கைவீசி நிற்கிற அளவு இடம் வந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அந்த இடத்தில், சுவருக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேராக நின்றாள். அவர் கண் திறந்திருந்தது. இத்தனை நாள் சுவர் இருந்த இடத்தில் இப்போது அவள் இருந்தாள்.

"எங்கயும் திரும்பாம அங்கேயே பாருங்க" என்றாள். "நானும் திரும்ப மாட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

அவள் கயிற்றைப் பின்னால் போட்டாள். அவர் கண்களைப் பார்த்தபடியே குதித்தாள். விர்ர், விர்ர். முதல் சுற்று போயிற்று, இரண்டாவது சுற்றும் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: யாரைப் பார்த்துக்கொண்டு குதிக்கிறோமோ அவர் பக்கவாட்டில் இருக்கக் கூடாது, நேர் எதிரே இருக்க வேண்டும். அப்போது பார்ப்பதற்குத் தலை திரும்பாது, தோள் சாயாது, இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நிற்கும். கயிறு இரண்டு கால்களுக்கும் அடியில் சமமாகப் போகும்.